நண்பரின் மகள்

பேச்சாளருக்கு அந்தப் பக்கத்து இளைஞர்கள் அத்தனை பேருடைய மனமும் தெரியும். கல்லூரி ஆண்டு விழா, காப்பீட்டு நிறுவனத்தின் விற்பனைக் கூட்டம், மாணவர் விடுதித் திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். அந்த மனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஒரு கேடயத்தோடு திரும்புவார். கேடயங்கள் வரவேற்பறை அலமாரியை நிரப்பி, சாப்பாட்டு மேசைக்கு இடம்பெயர்ந்து, இப்போது குளியலறைக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அவருடைய பெயர் பெற்ற உரையின் தலைப்பு ‘மனம் திறந்து பேசு’. அது முடிந்ததும் பிள்ளைகள் மேடையைச் சூழ்ந்துகொண்டு அழுவார்கள். அவர் ஒவ்வொரு தோளிலும் கை வைத்து, கேமரா இருக்கும் பக்கமாகத் திரும்பி, தன் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஆகவே, தன் ஒரே மகள் வாரா வாரம் வேறு யாரோ ஒருத்தியிடம் போய் மனம் திறந்து பேசிக்கொண்டிருக்கிறாள் என்று மனைவி சொன்னபோது, பல் தேய்த்துக்கொண்டிருந்த பேச்சாளர் நுரையை விழுங்கிவிட்டார்.

“பேசறதுக்கா? பேசறதுக்கு வீட்டுல நான் இல்லையா?”

“நீங்க பேசுவீங்க,” என்றார் மனைவி. “அவ பேசறதுக்குப் போறா.”

மனைவி ஒரு பல் ஆய்வகத்தில் செயற்கைப் பல் வரிசை செய்பவர். அவருடைய வேலை மேசையில் ஊர்ப்பட்ட வாய்கள் சுண்ணாம்பு அச்சாக வரிசையில் இருக்கும். ஒன்றும் பேசாது. அந்த அமைதிக்குப் பழகிப்போனவர் என்பதால், வீட்டிலும் தேவைக்கு மேல் ஒரு சொல்லைச் செலவழிக்க மாட்டார்.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போன வருடத்திலிருந்து அவளுக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், கை நடுங்கும், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். பேச்சாளர் அதைக் கவனிக்காமல் இல்லை. மூச்சுப் பயிற்சி பற்றித் தான் பேசிய வீடியோவை அவளுக்கு அனுப்பிவைத்திருந்தார். அவள் அதைப் பார்த்தாளா என்பதை மட்டும்தான் கவனிக்கவில்லை.

“யாரு அந்தம்மா?”

“மனநல ஆலோசகராம். சின்ன வயசுப் பிள்ளைங்களைத்தான் பாக்கறாங்க. இவ அக்கான்னு கூப்பிடறா.”

அந்த ‘அக்கா’தான் அவருடைய வயிற்றில் போய் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சொல் எத்தனை முறை புழங்குகிறது என்று காது தானாகவே தேட ஆரம்பித்தது. அக்கா சீக்கிரம் தூங்கச் சொன்னாங்க. அக்காவுக்கும் கணக்கு வராதாம். அக்கா சிரிச்சிட்டாங்க. அவர் மேடையில் சொன்ன எந்த நகைச்சுவைக்காவது மகள் சிரித்ததுண்டா என்று யோசித்துப் பார்த்தார். அரங்கம் சிரித்தது நினைவிருந்தது. மகள் எந்த வரிசையில் இருந்தாள் என்பதே நினைவில்லை.

அந்தம்மாவை இணையத்தில் தேடினார். ஒரு வீடியோ இல்லை. பொன்மொழி இல்லை. ஒரே ஒரு படம், அதிலும் இன்னொருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம். நாலு பேருக்குத் தெரியாத ஒருத்தியிடம் எப்படி ஒரு பெண் தன் மனத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவாள்? அவருக்குப் புரியவே இல்லை.

வீட்டிலேயே முயன்று பார்ப்பது என்று முடிவு செய்தார். ஒரு மாலை, கூடத்தில் இரண்டு நாற்காலிகளைச் சற்றே கோணலாகப் போட்டு, நடுவில் துடைக்கும் காகிதப் பெட்டியை வைத்து, குரலைத் தாழ்த்தி, “சொல்லு கண்ணு. அப்பா எதுவும் தப்பா நினைக்க மாட்டேன். உன் மனசுல என்ன இருக்கோ…” என்று தொடங்கினார்.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“ரிமோட்டைக் கீழ வைங்க. மைக் மாதிரி பிடிச்சிருக்கீங்க.”

அவர் வைத்தார். அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த முறை அவளை அவரே காரில் கொண்டுபோய் விட்டார். நகல் கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒரு குறுகிய படிக்கட்டு. மேலே ஒரு ஜன்னல். பெயர்ப் பலகை இல்லை. அவர் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தன் மகளின் சிரிப்பு என்று அடையாளம் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் அழைப்பு வந்தது: குடும்பத்தோடு ஒருமுறை வரவேண்டும். பேச்சாளருக்கு உச்சி குளிர்ந்தது. ஒருவழியாக, துறை வல்லுநர் என்ற முறையில் தன்னைக் கலந்தாலோசிக்கப் போகிறார்கள். கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினார்.

காத்திருப்பு அறையில் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. ஒரு அம்மா பழைய வார இதழை மூக்குக்கு நெருக்கமாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தார், கண் மருத்துவரிடம் போகவேண்டியவர் படி மாறி ஏறிவிட்டது போல. ஒரு அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் இறங்குகிற மாதிரி இரண்டு வழி, வந்தவரும் போகிறவரும் முகம் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதற்காக. அந்த அறையில் பேச்சாளர் நுழைந்து, எல்லாருக்கும் பொதுவாகக் கும்பிட்டார்.

வார இதழ் தாழ்ந்தது. “சார், நீங்க அந்த… மனம் திறந்து…”

“நானேதான்.”

“ஒரு படம் எடுத்துக்கலாமா சார்?”

எடுத்துக்கொண்டார்கள். படத்துக்குள் விழாமல் இருக்க, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தண்ணீர் எந்திரத்துக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டார். மகள் தரையைப் பார்த்தாள். மனைவி மகளைப் பார்த்தார்.

உள்ளே இருந்த ஆலோசகர் பேச்சாளர் எதிர்பார்த்ததைவிட இளையவர். சுவரில் ஒரே ஒரு சான்றிதழ் தொங்கியது. ‘நம் சமூகத்துக்கேற்ற உளச்சிகிச்சை’யில் பயிற்சி பெற்றவர் என்றது. வேறெங்கோ வேறு யாருக்கோ எழுதப்பட்ட சிகிச்சையை நம் உடம்பு அளவுக்குப் பிடித்துத் தைத்துத் தரும் கலை அது. ஒரு பெரிய விடுதியின் குளிரூட்டப்பட்ட கூடத்தில், ஒரு பெரிய நிபுணர் அதைக் கற்றுக்கொடுத்திருந்தார். நம் குடும்பங்கள் எல்லாம் மூடிய பெட்டிகள், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் பூட்டு, பெட்டியை மெதுவாகத் திறக்கவேண்டும் என்பது பாடத்தின் சாரம். பலகை இல்லாத வாசலும் பின்பக்கப் படியும் அந்தப் பாடத்திலிருந்து வந்தவைதான்.

“இவங்களை எப்போலேருந்து அக்கான்னு கூப்பிடறே?” என்றார் பேச்சாளர், உட்கார்வதற்கு முன்பே.

“அது அவங்களா கூப்பிடறது சார்,” என்றார் ஆலோசகர். “எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது, பேர் சொல்லிக் கூப்பிட வைக்கணும்னு. யாருக்கும் வாய் வர மாட்டேங்குது.”

“நமக்கே தெரியாம நமக்கு ஒரு மூத்த பொண்ணு,” என்றார் மனைவி. ஆலோசகரும் மகளும் சேர்ந்தாற்போல் சிரித்தார்கள். பேச்சாளர் கோட்டுப் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

ஆலோசகர் சொன்னார்: “முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் சார். ஆரம்பத்துல நான் உங்க பொண்ணைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். எல்லா வீட்டையும் போல இதுவும் மூடி மறைக்கிற வீடுன்னு நினைச்சு, ‘நீ இங்க வர்றது யாருக்கும் தெரியாதும்மா, பயப்படாதே’ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“அதுக்கு அவ என்ன சொன்னா?”

ஆலோசகர் மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்த பிறகுதான் பதில் வந்தது.

“‘என்னைப் பத்தித் தெரியாதவங்க யாராவது இருந்தா அவங்களை முதல்ல காட்டுங்கக்கா’ன்னு சொன்னா.”

பேச்சாளர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு புன்னகைத்தார். தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று இந்தப் பெண் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாளே, அதற்குப் போய்த் தன் மகள் இவ்வளவு அன்பாகப் பார்க்கிறாளே என்பதுதான் அவருக்கு உறுத்தியது.

விஷயம் இதுதான். அவருடைய உரைகளில் பாதி, ‘என் மகள்’ என்று தொடங்கும். மேடையில் அவளுக்குக் ‘குட்டி டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்; எனக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தவள் என்ற பொருளில். குட்டி டீச்சர் எந்த வயது வரை படுக்கையை நனைத்தாள், எந்தப் பாடத்தில் தேறவில்லை, யாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதிக் கிழித்துப் போட்டாள் என்பதெல்லாம் பல கல்லூரிகளுக்கு மனப்பாடம். அவள் வயதுக்கு வந்தபோது முற்போக்குத் தந்தையாகிய தானே கடைக்குப் போய் நாப்கின் வாங்கி வந்த கதைதான் உரையின் சிகரம்.

“அந்த நாப்கின் கதைக்கு எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க,” என்றார் பேச்சாளர்.

“ஆமாப்பா, எல்லாரும் நின்னாங்க,” என்றாள் மகள். “நான் ரெண்டாவது வரிசையில இருந்தேன். எனக்கு அப்போ பதிமூணு. கீழ விழுந்த பேனாவைத் தேடற மாதிரி நாற்காலிக்கு அடியில போயிட்டேன். பேனாவே கொண்டு வரல.”

பேச்சாளர் தன் கோட்டுப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆலோசகர் ஒரு யோசனை சொன்னார். வாரத்துக்கு ஒரு விஷயம், சின்னதாக, மகள் அப்பாவிடம் மட்டும் சொல்லுவாள். அப்பா அதை வெளியே சொல்லக் கூடாது. முடிகிறதா என்று பார்க்கலாம்.

“உங்ககிட்ட என்ன சொல்றா?”

“அது அவளோடது சார்.”

“அப்போ பெருசு எல்லாம் உங்களுக்கு, சின்னது எனக்கா?”

“சின்னதுலேருந்துதான் ஆரம்பிக்கணும்.”

முகம் சுண்டிப்போய் வெளியே வந்தார். தன் பெண்ணின் மனத்தைத் தனக்கே சில்லறையாக விற்கிறார்கள் என்று தோன்றியது.

சிவப்பு விளக்கில் கார் நின்றபோது மகள் முதல் விஷயத்தைச் சொன்னாள். “அப்பா, காலேஜ் லிஃப்ட்ல ஏறினா எனக்கு மூச்சு அடைக்குது. அதனால படியேறியே போறேன். கிளாஸ் மேல நாலாவது மாடி. தினம் லேட்டாகுது, திட்டறாங்க. ஏன்னு யாருக்கும் தெரியாது.”

“இவ்வளவுதானா?” என்று கேட்க வந்தவர் அடக்கிக்கொண்டார். அன்று முழுக்க அவருக்கு நடையே மாறிவிட்டது. என்னிடம் சொல்லியிருக்கிறாள், எனக்கு மட்டும். வங்கியில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவரின் பிடரியைப் பார்த்து, உனக்குத் தெரியாதுடா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். மறுநாள் அது தொண்டையில் லேசாகக் கரகரத்தது. அதற்கு மறுநாள் நாக்கு நமநமவென்றது.

வார இறுதியில் ஒரு பெரிய கல்லூரி அரங்கம். அவர் வழக்கமான பாதையில் போய்க்கொண்டிருந்தார்: கழுகு, எறும்பு, தோல்வி, விடாமுயற்சி. அரங்கில் செல்பேசி வெளிச்சங்கள் தலைகாட்டத் தொடங்கின. ஒரு பேச்சாளனுக்கு அந்த நீல வெளிச்சம் மரணத்தின் நிறம். அப்போதுதான், யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல, அது வாயிலிருந்து வந்து விழுந்தது.

“என் நண்பர் ஒருவரின் மகள் இருக்கிறாள். நான்காவது மாடியில் வகுப்பு. லிஃப்ட் இருக்கிறது. ஆனால் அவள் ஏறுவதில்லை. ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: வெற்றிக்குப் படிதான் உண்டு, லிஃப்ட் கிடையாது.”

கூரை அதிர்ந்தது. செல்பேசிகள் இப்போது அவரைப் பதிவு செய்ய உயர்ந்தன. அவர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்: நண்பர் என்றுதானே சொன்னேன். தவிர, அவளுடைய பயத்தை நான் வீரமாக அல்லவா மாற்றியிருக்கிறேன்.

பேச்சாளருக்கு நண்பர்கள் யாரும் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். துண்டுக் காணொளி மகளின் வகுப்புக்கு அவர் வீடு திரும்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை அவள் படியேறியபோது ஒவ்வொரு திருப்பத்திலும் சிலர் நின்று கை தட்டினார்கள். “குட்டி டீச்சர், இன்னும் ரெண்டு மாடிதான் வெற்றி,” என்று ஒருவன் குரல் கொடுத்தான். லிஃப்ட் கதவில், குட்டி டீச்சருக்கு அனுமதி இல்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவள் இரண்டாவது மாடியோடு திரும்பி வீட்டுக்கு வந்தாள்.

கத்துவாள், அழுவாள், பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று பேச்சாளர் தயாராக இருந்தார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “நல்லா பேசினீங்கப்பா. படியைப் பத்தி,” என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை மட்டும் வெளியே வந்தாள். அக்காவிடம் போக. பேச்சாளர் கீழே காரில் காத்திருந்தார். பின்பக்கப் படியில் இறங்கி வந்தவளுக்குக் கண் சிவந்திருந்தது. கையில் கசங்கிய காகிதம். அவருக்குக் குற்ற உணர்வுக்கு முன்னால் அந்தப் பழைய எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. இந்த அழுகை நான் வரவழைத்தது, இதைக்கூடக் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டு வருகிறாளே.

மறுநாள் தனியாகப் படியேறினார். கோட்டு இல்லை. காத்திருப்பு அறையில் இந்த முறை அவரும் வார இதழ் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் மேடம். பயத்தை வீரமா மாத்திக் காட்டினேன்.”

“மாத்தச் சொல்லி அவ குடுக்கல சார். கொஞ்ச நேரம் வச்சிருக்கக் குடுத்தா.”

“நீங்க எப்படி வச்சிருக்கீங்க? இத்தனை பிள்ளைங்க இத்தனை சொல்றாங்க. யார்கிட்டயாவது சொல்லணும்னு உங்களுக்குத் தோணவே தோணாதா?”

ஆலோசகர் குவளையில் தண்ணீர் ஊற்றினார். “தோணும்,” என்றார் பிறகு. “சொல்லக் கூடாதுன்னு இருக்கு, அதனால சொல்றதில்ல. அவகிட்ட நீங்க பேசிப் பாருங்க.”

வீட்டுக்கு வந்து மகளின் கதவு முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, “அன்பு மகளே, ஒரு தந்தை என்பவன்…” என்று தொடங்கினார். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“மன்னிப்புக் கேக்கறதா இருந்தா உக்காந்து கேளுங்க. நின்னா உரையாயிடுது.”

அவர் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வாக்கியங்கள் எல்லாம் எங்கோ ஓடிப்போய்விட்டன. “தப்புப் பண்ணிட்டேன்மா,” என்றார். “இனிமே உன்னைப் பத்திப் பேச மாட்டேன். நண்பரோட பொண்ணையும் பத்திப் பேச மாட்டேன்.”

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு வந்த உரைகள் சவலைப் பிள்ளைகளாக இருந்தன. மகளை எடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எறும்பை இரண்டு முறை ஏற்றி இறக்கினார். ஒரு கூட்டத்தின் அமைப்பாளர் வாசல் வரை வந்து வழியனுப்பி, “சார், இன்னைக்குக் கொஞ்சம் பொது அறிவா இருந்துச்சு,” என்றார். கேடயம்கூடப் போன வருடத்தது. வேறொருவர் பெயரின் மேல் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

மகள் மறுபடி கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். அக்காவும் கூடப் போய் ஒருநாள் படியேறினாராம். மனைவி சொல்லித்தான் தெரிந்தது. பேச்சாளருக்கு மூட்டு வலி. இருந்தாலும் தன்னைக் கூப்பிட்டிருந்தால் எட்டு மாடி ஏறியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

அப்பாவுக்கென்று ஒரு விஷயமும் வராமலே வாரங்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைத் தொட்டியின் குழாய் ஒழுகியது. பேச்சாளர் தரையில் மல்லாந்து படுத்து, தலையைத் தொட்டிக்கு அடியில் விட்டு, ஒரு கையில் குறடும் ஒரு கையில் துணியுமாக இருந்தார். வெளிச்சத்துக்கு ஒரு சின்ன டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். மகளின் கால்கள் வந்து நின்றன. பிறகு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

“அப்பா, ஒண்ணு சொல்லணும்.”

அவர் டார்ச்சை எடுக்கப் போனார்.

“எடுக்காதீங்க. அப்படியே இருங்க.”

அப்படியே இருந்தார்.

“அக்கா ஒரு மாநாட்டுல பேசப் போறாங்களாம். என்னைப் பத்திப் பேசட்டுமான்னு கேட்டாங்க. பேர், ஊர், காலேஜ் எல்லாம் மாத்திடுவாங்களாம். நம்ம வீடு மாதிரி வீட்டைப் பத்தி யாரும் எழுதினதே இல்லையாம், எல்லாரும் மறைக்கிற வீடுன்னே எழுதிக்கிட்டிருக்காங்களாம்.”

தொட்டிக்கு அடியில் பேச்சாளரின் இதயம் துள்ளியது. அவளுமா! பேர் மாற்றுகிறாளாம், ஊர் மாற்றுகிறாளாம். அதற்குப் பெயர்தானே நண்பரின் மகள்! ஒழுகிய நீர் நெற்றியில் சொட்டியது. டார்ச்சைச் சுற்றி அவருடைய வாய் சிரிக்க முயன்று தோற்றது.

“நான் வேண்டாம்க்கான்னு சொல்லிட்டேன். சரிம்மான்னு விட்டுட்டாங்க. கேட்டாங்கப்பா. கேட்டுட்டு, வேண்டாம்னதும் விட்டுட்டாங்க. ஆனா ஒரு நிமிஷம் முகம் வாடிப்போச்சு. எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, கஷ்டமாவும் இருந்துச்சு. அவங்களுக்கும் நான் ஒரு கதைதானோன்னு தோணுச்சு. இதை அக்காகிட்ட சொல்லல. சொன்னா அவங்க என்கிட்ட பழைய மாதிரி இருக்க மாட்டாங்களோன்னு பயமா இருக்கு. எனக்கு அவங்க வேணும்.”

‘கேட்டாங்கப்பா’ என்ற சொல் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக அவர்மேல் விழுந்தது. இத்தனை வருடத்தில், இத்தனை மேடையில், அவர் ஒருமுறைகூட அதைச் செய்ததில்லை.

“அவ்வளவுதான்பா,” என்று அவள் எழுந்து போனாள். குழாய் நின்றுவிட்டிருந்தது. அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் பேச்சாளர் பட்ட பாட்டை எந்த உரையிலும் சொல்ல முடியாது. லிஃப்ட் விஷயம் ஊருக்குச் சொல்ல நன்றாக இருந்தது என்றால், இது ஒரே ஒரு ஆளிடம் சொல்வதற்கென்றே செய்து கொடுத்தது போல இருந்தது. கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்தார். ‘மாநாடு எப்போ மேடம்?’ போதும், நாலு சொல் வேண்டியதில்லை. இத்தனை மாதம் எரிந்த வயிறு ஒரே மடக்கில் குளிர்ந்துவிடும். மகள் அந்த அறைக்கு மறுபடி போகவும் மாட்டாள். போகாவிட்டால், அவள் பேசுவதற்கு மிச்சம் இருப்பது யார்? இந்தக் கணக்கு மனத்தில் முளைத்த வேகத்தைப் பார்த்து அவரே கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று ஆலோசகர் நல்ல தெம்பில் இருந்தார். “நம்பிக்கைங்கறது ஒரு நாள்ல வர்றது இல்ல சார். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் பத்திரமா வச்சிருக்கணும். நம்ம குடும்ப அமைப்புல அது எப்படி வேலை செய்யுதுன்னா…” என்று தொடங்கி, சான்றிதழ் தொங்கிய சுவரிலிருந்து இறங்கி வந்தது போன்ற நடையில் கொஞ்ச தூரம் போனார். பேச்சாளர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது. மனைவி அவருடைய முழங்காலைப் பார்த்தார்; அது ஆடிக்கொண்டிருந்தது. மகள் யாரையும் பார்க்கவில்லை. தன் கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விரலில் ரத்தம் கட்டும்படி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வாரத்துக்கு ஒரு விஷயம்னு சொன்னதை ரொம்ப நாளா நீங்க ரெண்டு பேரும் செய்யல, தெரியும்,” என்றார் ஆலோசகர். “இந்த வாரமாவது ஏதாவது சொன்னாளா சார்?”

“சொன்னா.”

ஆலோசகரின் புருவம் உயர்ந்தது. “அப்படியா. என்ன மாதிரி விஷயம்னு…”

“சொன்னா மேடம். அவ்வளவுதான்.”

மகள் விரலிலிருந்து வாரை விடுவித்தாள்.

ஆலோசகர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, எதையும் எழுதாமல் மூடினார். ரொம்ப நல்லது என்றார். சொன்ன வாய்க்கு மேலே, கண்ணில், லேசாக ஒரு வாட்டம் வந்து போனது. தன்னிடம் வராத ஏதோ ஒன்று அப்பாவிடம் போயிருக்கிறது. அந்த வாட்டத்தைப் பேச்சாளர் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார். அந்த நோயில் அவரைவிட அனுபவம் உள்ளவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. கொண்டாடத்தான் நினைத்தார். ஆனால் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

“தண்ணி குடிங்க மேடம்,” என்று குவளையை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை, மகள் கல்லூரிக்குக் கிளம்பிப் போன பிறகு, மனைவி அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கேட்காமல் தேநீர் வருவது அந்த வீட்டில் வழக்கம் இல்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவும் செய்தார்.

“என்னங்க.”

“ம்.”

“அப்படி என்ன சொன்னா?”

“அவகிட்டயே கேட்டுக்கோ.”

“கேட்டேன். உங்களைக் கேக்கச் சொன்னா.”

பேச்சாளர் ஒரு வாய் தேநீர் குடித்தார். சூடு அதிகமாக இருந்தது. இன்னொரு வாய் குடித்தார். வாழ்நாள் முழுக்கப் பேசிக் கிடைக்காத ஒன்று இப்போது அவர் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி ஒருவரிடமும் ஒரு சொல் பேச முடியாது.

“எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார்.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் பாதிதான் குடித்திருந்த தம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“ரொம்பத்தான்,” என்றார்.